புகையை விட 48 நாள் முடிந்தவருக்கு 49ஆம் நாள் ஏன் முடிவதில்லை?

கோத்தா திங்கி: தைப்பூசத்துக்கோ ஐயப்பனுக்கோ ஒரு மண்டலம் விரதம் இருக்கும் ஆண்கள் பலர் அந்த 48 நாளும் சிகரெட்டைத் தொடுவதில்லை. நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதியவரும் அதில் உண்டு. ஆனால், நேர்த்திக்கடன் முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே பெட்டிக்கடையில் மோட்டாரை நிறுத்துபவர்களும் அவர்களில் உண்டு. “48 நாள் முடிந்தது, 49ஆம் நாள் ஏன் முடியவில்லை?” என்று வீட்டுப் பெண்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதிலைத் தெரிந்துகொண்டால் புகையை விட நினைப்பவருக்கும், அவரோடு ஒரே கூரையின்கீழ் இருப்பவர்களுக்கும் பாதி வேலை முடிந்த மாதிரி.

நாடு முழுவதும் 2019இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய உடல்நல ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 21.3 விழுக்காட்டினர் புகைப்பிடித்தனர். எண்ணிக்கையில் ஏறக்குறைய 49 லட்சம் பேர். ஆண்களை மட்டும் எடுத்தால் 40.5 விழுக்காடு. பத்து ஆண்கள் கூடும் இடத்தில் நான்கு பேர் என்ற கணக்கு. செம்பனைத் தோட்டமானாலும், லோரி ஓட்டும் வேலையானாலும், பெங்கெராங் பக்கம் கட்டுமானத் தளமானாலும், புகையை விட முயல்பவர் அந்த நான்கில் மீதி மூன்று பேரோடுதான் பொழுதைக் கழிக்க வேண்டியிருக்கிறது.

உடம்பு கேட்பது ஒரு மாதம்

சிகரெட்டை இழுத்த சில விநாடிகளில் நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுகிறது. அங்கே சிறிது நேரம் இதமாக இருக்கும். இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். குறையும்போது மூளை மறுபடி கேட்கிறது. இரவு முழுக்கப் புகைக்காமல் தூங்கி எழுபவருக்குக் காலையில் முதல் சிகரெட் அவ்வளவு அவசரமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். அந்த முதல் சிகரெட் தரும் நிம்மதியில் பெரும்பகுதி, முந்தைய சிகரெட் உண்டாக்கிய தவிப்பு அடங்குவதுதான்.

ஒரேயடியாக நிறுத்தினால் எரிச்சல், படபடப்பு, தூக்கக் குறைவு, கவனச் சிதறல், மனச்சோர்வு, அதிகப் பசி ஆகியவை வரும். சிலருக்கு மலச்சிக்கலும் இருமலும் வரும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் இவை உச்சத்தில் இருக்கும். பிறகு படிப்படியாக இறங்கி, பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் அடங்கிவிடும்.

அப்படியானால் 48 நாள் விரதம் இருந்தவர், உடம்பு படுத்தும் பாட்டின் கடினமான பகுதியைக் கடந்துவிட்டவர். அவரைத் திரும்ப இழுப்பது பெரும்பாலும் இரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் அல்ல. பழைய நேரம், பழைய இடம், பழைய கூட்டாளிகள் ஆகிய மூன்றும்தான். விரதக் காலத்தில் இந்த மூன்றுக்கும் வேலி இருந்தது. மாலை போட்டவரிடம் யாரும் சிகரெட்டை நீட்டுவதில்லை. கோப்பிக் கடையில் உட்காருவதும் குறைவு. வீட்டில் சமையல் முதல் பேச்சு வரை அவருக்காக மாறியிருந்தது. “சாமி” என்று அழைக்கும்போதே அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பது எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது. மாலையைக் கழற்றிய அன்றே அந்த வேலி முழுவதும் விழுந்துவிடுகிறது.

விரதம் இதில் காட்டும் பாடம் தெளிவானது. விடுவதற்கு மன உறுதி வேண்டும். விட்டபடியே இருப்பதற்குச் சுற்றியிருப்பவர்களின் ஏற்பாடு வேண்டும். முதலாவது ஒரு நாள் தீர்மானத்தில் வரும். இரண்டாவது பல மாதங்களுக்குத் தொடர வேண்டும். மலேசிய அரசு கிளினிக்குகளிலும், ஆறு மாதம் புகைக்காமல் இருந்த பிறகே ஒருவரை வெற்றி பெற்றவராகக் கணக்கில் சேர்க்கிறார்கள்.

ஐந்து நிமிடத்துக்கான பொறுமை

“பொறுமையாக இரு” என்று சொல்வது எளிது. எவ்வளவு நேரத்துக்கு என்று சொன்னால் அது இன்னும் உதவும். புகைக்க வேண்டும் என்ற ஏக்கம் திடீரென்று கிளம்பி, பொதுவாக சில நிமிடங்களில் தணிந்துவிடும். புகைத்தாலும் தணியும், புகைக்காவிட்டாலும் தணியும். இதைத் தெரியாதவர், அந்த ஏக்கம் நாள் முழுவதும் ஏறிக்கொண்டே போகும் என்று பயந்து சிகரெட்டை எடுத்துவிடுகிறார்.

ஆகவே தேவைப்படும் பொறுமை ஆயுள் முழுவதற்குமானது அல்ல, ஐந்து பத்து நிமிடத்துக்கானது. அது ஒரு நாளில் பல தடவை தேவைப்படும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாகக் குடிக்கலாம். மூச்சை ஆழமாக இழுத்து மெல்ல விடலாம். வீட்டைச் சுற்றி ஒரு நடை போய் வரலாம். வாயில் ஒரு கிராம்போ ஏலக்காயோ போட்டுக்கொள்ளலாம். நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைக்கலாம். எதைச் செய்கிறோம் என்பதைவிட, அந்தச் சில நிமிடத்துக்கு என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பது முக்கியம்.

ஒருவர் வழக்கமாக எந்தெந்த நேரம் புகைக்கிறார் என்பதை விடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஒரு தாளில் குறித்து வருவது நல்லது. பசியாறிய பிறகு ஒன்று, வேலைக்கு நடுவே இரண்டு, கழிப்பறையில் ஒன்று, இரவுச் சோற்றுக்குப் பிறகு ஒன்று என்று ஒரு வரைபடமே கிடைத்துவிடும். எந்த நேரம் கடினமாக இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்த நேரத்தை மாற்றி அமைக்கலாம். சோற்றுக்குப் பிறகு வெளியில் போய் நிற்பவர், எழுந்ததும் தட்டைக் கழுவப் போகலாம். சிறியதாகத் தோன்றினாலும் பலன் உண்டு.

கோப்பியைப் பாதியாகக் குறைக்க வேண்டும்

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள், கோப்பி, தேநீரில் உள்ள காஃபினைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கின்றன. புகைப்பவர் நாளுக்கு ஐந்து குவளை கோப்பி ஓ குடித்தாலும் தாங்குவது அதனால்தான். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் போய்விடும். அதே ஐந்து குவளை குடித்தால் இரத்தத்தில் காஃபின் ஏறக்குறைய இரு மடங்காகிறது. படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். “சிகரெட் இல்லாமல் என்னால் முடியவில்லை” என்று அவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் அவரைப் படுத்துவதில் பாதி கோப்பியாக இருக்கலாம். விடும் நாளிலிருந்து கோப்பியையும் தே தாரிக்கையும் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

இதே காரணத்தால் சில ஆஸ்துமா மருந்துகள், சில மனநல மருந்துகளின் அளவும் மாற வேண்டியிருக்கலாம். நீரிழிவுக்கு ஊசி போடுபவர்களும் சர்க்கரை அளவைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர்கள், புகையை விடப்போவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உணவகங்களில் புகைக்கத் தடை 2019 ஜனவரி 1 முதல் இருக்கிறது. ஒரு வருட எச்சரிக்கைக் காலத்துக்குப் பிறகு 2020 முதல் அபராதமும் விதிக்கப்படுகிறது. இப்போது 2024ஆம் ஆண்டின் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 852, 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. தடை செய்யப்பட்ட இடத்தில் புகைப்பவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க அது இடம் தருகிறது. விட முயல்பவருக்குச் சட்டமும் ஒரு துணைதான். கடையின் உள்ளே நடு மேசையில் உட்கார்ந்தால் கையில் சிகரெட் ஏறாது. புகைப்பவர்கள் கூடி நிற்கும் வெளிப்புறத்துக்குப் போனால்தான் ஆபத்து.

வெற்றிலைக்குள் இருக்கும் புகையிலை

தோட்டங்களில் நிக்கோட்டின் என்றால் சிகரெட் மட்டும் அல்ல. சுருட்டும் பீடியும் குறைந்துவிட்டாலும், வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் மூத்தவர்களிடம், குறிப்பாகப் பாட்டிமார்களிடம் இன்னும் இருக்கிறது. புகை வராததால் இதைப் பலர் ஒரு கெட்ட பழக்கமாகவே கருதுவதில்லை. ஆனால் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவும் இரத்தத்தில் சேரும். புகையிலை சேர்ந்த வெற்றிலைக் குதப்பல் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதி செய்யப்பட்ட உண்மை. புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் பாதுகாப்பானது அல்ல. பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியுள்ளது.

மலேசியாவில் 1993-94இல் நடத்தப்பட்ட வாய்நல ஆய்வில், புற்றுநோய்க்கு முந்தைய வாய்ப் புண்கள் இந்தியர்களிடமும் சபா, சரவாக் பூர்வகுடியினரிடமும் கூடுதலாகக் காணப்பட்டன. அதன்பின் 1990களின் பிற்பகுதியில் சுகாதார அமைச்சு தொடங்கிய வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தோட்டங்களையும் இலக்காகக் கொண்டிருந்தது. வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால் அரசு பல் மருத்துவ கிளினிக்கில் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது. வலி இல்லை என்பதற்காகவும் விட்டுவிடக் கூடாது. தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது.

பாட்டியை வெற்றிலையை விடச் சொல்லும் பேரன் வேப்பை ஊதுவதும், பேரனைத் திட்டும் தாத்தா சிகரெட் பிடிப்பதும் பல வீடுகளில் நடப்பதுதான். ஒரு வீட்டில் இருவர் சேர்ந்து விட முடிவு செய்தால் ஒருவருக்கு ஒருவர் துணையாகலாம். இந்த மூன்றும் ஒரே பொருளுக்கான அடிமைத்தனம் என்பதை வீட்டார் ஒப்புக்கொள்வதே அதற்கு முதல் படி.

வேப் வழியாகத் தப்பிக்கலாமா?

ஜொகூரில் வேப் விற்பனைக்கு 2016 ஜனவரி 1 முதல் தடை. ஜொகூர் சுல்தான் சுல்தான் இப்ராஹிம் 2015இல் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து அது நடப்புக்கு வந்தது. இருந்தும் இளைஞர் கைகளில் வேப் இருப்பதைப் பார்க்க முடிகிறது. நாடு தழுவிய அளவில் 2022இல் 13 முதல் 17 வயதினரிடம் நடத்தப்பட்ட ஆய்வில் 14.9 விழுக்காட்டினர் வேப் பயன்படுத்தினர். 2017இல் அது 9.8 விழுக்காடாக இருந்தது. அதே ஐந்தாண்டில் சிகரெட் பிடிக்கும் மாணவர்கள் 13.8 விழுக்காட்டிலிருந்து 6.2 விழுக்காடாகக் குறைந்தனர். சிகரெட் குறைந்த இடத்தில் வேப் வந்து அமர்ந்திருக்கிறது.

சிகரெட்டை விடுவதற்காக வேப்புக்கு மாறியவர்களில் பலர் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். வேப்பில் தார் இல்லை, சிகரெட்டைப் போல எரியும் புகையும் இல்லை என்பது சரி. ஆனால், நிக்கோட்டின் இருக்கிறது, அடிமைத்தனமும் இருக்கிறது. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத திரவமும் சந்தையில் உலவுகிறது. மருந்தகத்தில் கிடைக்கும் நிக்கோட்டின் சூயிங்கமுக்கும் பேட்சுக்கும் அளவு உண்டு, குறைத்துக்கொண்டே போய் நிறுத்தும் கால அட்டவணை உண்டு. வேப்புக்கு அது இல்லை.

கோத்தா திங்கியிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே 2018 பிப்ரவரி முதல் வேப்பை வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பர் முதல் தண்டனை இன்னும் கடுமையாக்கப்பட்டுள்ளது. பையில் மறந்து வைத்த ஒரு வேப் வேலையையே பறித்துவிடலாம்.

கிளினிக்கில் நடப்பது என்ன?

புகையை விட உதவும் சேவை அரசு கிளினிக்குகளிலும் மருத்துவமனைகளிலும் “கிளினிக் பெர்ஹெந்தி மெரோகோக்” என்ற பெயரில் நடக்கிறது. “எம்குவிட்” என்ற திட்டத்தின்கீழ் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் சேர்ந்துள்ளன. “ஜோம்குவிட்” என்ற இணையத்தளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். வீட்டுக்கு அருகில் உள்ள கிளினிக் கெசிஹாத்தானின் பதிவு முகப்பில் “நாக் பெர்ஹெந்தி மெரோகோக்” என்று சொன்னாலே போதும். அங்கே அந்தச் சேவை இல்லாவிட்டால், எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள்.

முதல் சந்திப்பில் சில கேள்விகள் கேட்பார்கள். அவற்றில் முக்கியமானது, எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் பற்றவைக்கிறீர்கள் என்பது. சுவீடனைச் சேர்ந்த ஃபாகெர்ஸ்ட்ரோம் என்ற அறிஞர் வகுத்த இந்தக் கேள்விகளுக்கு மொத்தம் பத்து மதிப்பெண். மதிப்பெண் கூடக் கூட அடிமைத்தனம் அதிகம். அரை மணி நேரத்துக்குள் பற்றவைப்பவருக்கு மருந்தின் துணை பெரும்பாலும் தேவைப்படும். பிறகு ஒரு சிறு கருவியில் ஊதச் சொல்வார்கள். மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடின் அளவை அது காட்டும். விட்ட ஓரிரு நாளிலேயே இந்த அளவு இறங்கிவிடும். கண்ணுக்கு முன்னால் எண் குறைவதைப் பார்ப்பது பலருக்குப் பெரிய ஊக்கம்.

நிக்கோட்டின் சூயிங்கத்தைப் பலர் தவறாகப் பயன்படுத்திவிட்டு “வேலை செய்யவில்லை” என்கிறார்கள். இதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரச் சுவை வரும் வரை மெல்ல மென்று, பிறகு வெற்றிலைக் குதப்பலை அடக்குவதுபோல் கன்னத்தில் அடக்கி வைக்க வேண்டும். சுவை குறைந்ததும் மறுபடி சில தடவை மென்று, இடம் மாற்றி அடக்க வேண்டும். இப்படி ஏறக்குறைய அரை மணி நேரம். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே கோப்பியோ குளிர்பானமோ குடிக்கக் கூடாது, குடித்தால் நிக்கோட்டின் சேராது. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு அளவுகளில் கிடைக்கும். எழுந்து அரை மணிக்குள் புகைப்பவருக்கு 4 மில்லிகிராம் ஏற்றது.

பேட்ச் என்பது தோலில் ஒட்டுவது. ஒரே சீராக நிக்கோட்டினைக் கொடுக்கும். தினமும் வேறு இடத்தில், முடியில்லாத உலர்ந்த தோலில் ஒட்ட வேண்டும். வெயிலில் வியர்க்க வேலை செய்பவருக்கு அது கழன்றுவிடலாம். அவர்கள் மருந்தாளரிடம் சொல்லி ஆலோசனை பெறலாம். பேட்சையும் சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் தருகிறது. இவை தவிர, வாரெனிக்லின் போன்ற மாத்திரைகளும் உண்டு. அவற்றுக்கு மருத்துவரின் சீட்டு வேண்டும்.

எந்தத் துணையும் இல்லாமல் விட முயல்பவர்களில், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர் மட்டுமே என்று ஆய்வுகள் சொல்கின்றன. நிக்கோட்டின் மாற்று மருந்து அந்த வாய்ப்பை ஒன்றரை மடங்காக உயர்த்துகிறது. ஆலோசனையும் சேர்ந்தால் இன்னும் கூடும். மருந்தைத் தேடிப் போவது மன உறுதி இல்லாததன் அடையாளம் என்று நினைப்பது தவறு. கண் தெரியாதவர் கண்ணாடி போடுவதை யாரும் குறையாகப் பேசுவதில்லை.

வீட்டார் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது?

ஜொகூரின் மாவட்டங்களில் பரப்பளவில் பெரியது கோத்தா திங்கி. தோட்டத்திலிருந்து பட்டணத்து கிளினிக்குக்கு வந்து போவதற்கே பலருக்கு அரை நாள் ஆகும். மருத்துவ அலுவலர் சில வாரத்துக்கு ஒரு முறைதான் பார்க்கிறார். மற்ற எல்லா நாளும் உடன் இருப்பவர்கள் வீட்டாரும் வேலையிடத்துக் கூட்டாளிகளும்தான்.

அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகரில் 12,067 பேரை 1971 முதல் 2003 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2008இல் வெளியானது. கணவன் மனைவியரில் ஒருவர் புகையை விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு குறைந்தது. நண்பர் விட்டால் 36 விழுக்காடு, உடன்பிறந்தவர் விட்டால் 25 விழுக்காடு. சிறிய வேலையிடங்களில் உடன் வேலை செய்பவர் விட்டால் 34 விழுக்காடு. மக்கள் தனித்தனியாக அல்ல, கூட்டம் கூட்டமாகத்தான் புகையை விட்டிருக்கிறார்கள்.

வீட்டார் காட்டும் அக்கறை எல்லாமே உதவியாக அமைவதில்லை. திரும்பத் திரும்ப நச்சரிப்பது, சட்டையை முகர்ந்து பார்ப்பது, “உங்களால் முடியாது” என்று சவால் விடுவது ஆகியவை எதிர்மாறாக வேலை செய்யும். துணைவர் சொல்லும் ஊக்கப் பேச்சுக்கும் குத்தல் பேச்சுக்கும் உள்ள விகிதம் எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்தே விட்டவர் நிலைக்கிறார் என்று 1990இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதேசமயம், வீட்டாரின் ஆதரவு மட்டுமே போதும் என்றும் ஆய்வுகள் சொல்லவில்லை. மருந்தும் ஆலோசனையும் ஒரு கை, வீடு இன்னொரு கை.

“என்னங்க, மறுபடியும் ஊதிட்டீங்களா?” என்று கேட்பதற்குப் பதிலாக, “இன்றைக்கு எந்த நேரம் கஷ்டமாக இருந்தது?” என்று கேட்கலாம். முதல் கேள்விக்குப் பொய் பதில் வரும். இரண்டாவதற்கு உண்மை வரும். முதல் இரண்டு வாரத்தில் அவர் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், அது தன் மேல் உள்ள கோபம் அல்ல, நிக்கோட்டின் இறங்குவதன் விளைவு என்பதை மனைவியும் பிள்ளைகளும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதைப் பொறுத்துக்கொள்வதற்கும் ஓர் எல்லை உண்டு. கைநீட்டுவதற்கோ கெட்ட வார்த்தைக்கோ புகையை விடுவது சாக்காகாது. விடுபவரும் “அடுத்த சில நாள் சிடுசிடுப்பாக இருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கூட்டாளிகள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. “ஒன்றுதானே தம்பி, பிடி” என்று நீட்டாமல் இருந்தால் போதும். சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் தட்டில் சிகரெட் வைத்து உபசரிக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அந்தத் தட்டில் கற்கண்டும் பாக்கெட் பானமும் வைத்தால் யாருக்கும் மரியாதைக் குறைவு வந்துவிடாது. “அண்ணே, நான் விட்டு மூன்று வாரமாச்சு” என்று ஒருவர் சொல்லும்போது அதைக் கேலி செய்யாமல் இருப்பதும் உபசாரம்தான்.

வழுக்கினால் எழுந்து நடக்கலாம்

விட்ட பிறகு ஒரு நாள் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால், எல்லாம் போய்விட்டது என்று முழுப் பாக்கெட்டையும் முடிப்பவர்கள் அதிகம். ஒரு சிகரெட் ஒரு வழுக்கல். அதன்பின் வாங்கும் பாக்கெட்தான் வீழ்ச்சி. வழுக்கியவர் மீதிச் சிகரெட்டை அங்கேயே நசுக்கிவிட்டு, எந்த இடத்தில், யாரோடு, எந்த மனநிலையில் பிடித்தோம் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த தடவை அந்த இடத்துக்குத் தயாராகப் போகலாம். சூயிங்கமோ பேட்சோ பயன்படுத்தி வந்தால் அதை நிறுத்த வேண்டியதில்லை. கிளினிக் தேதியையும் தவறவிடக் கூடாது. அங்கே யாரும் திட்டப்போவதில்லை.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் புகைப்பவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, வெற்றிகரமாக விடுவதற்குப் பலருக்கு 30 தடவைக்கும் மேல் முயற்சி தேவைப்படலாம் என்று கணக்கிட்டது. நான்காவது முயற்சியில் தோற்றவரைப் பார்த்து “இவருக்கு இது வழக்கம்தான்” என்று சிரிக்கும் முன் இந்த எண்ணை நினைத்துப் பார்க்கலாம்.

எடையும் கூடலாம். விட்ட முதல் ஆண்டில் சராசரியாக நான்கிலிருந்து ஐந்து கிலோ ஏறுகிறது. நீரிழிவு நம் சமூகத்தின் பெரும் பிரச்சினை. 2019 ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அதனால் எடை ஏறும் என்ற பயம் இயற்கையே. ஆனால் நீரிழிவு உள்ளவரின் இருதயத்துக்கும் கால் நரம்புக்கும் சிகரெட் செய்யும் கெடுதல் அந்த நான்கு கிலோவைவிட மிகப் பெரியது. ஏக்கம் வரும்போது இனிப்பையும் பலகாரத்தையும் தேடாமல் வெள்ளரி, கொய்யா போன்றவற்றை நறுக்கி வைப்பது வீட்டார் செய்யக்கூடிய எளிய உதவி.

கணக்கும் வயதும்

ஒரு பாக்கெட் 17 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஒன்று பிடிப்பவருக்கு மாதம் 510 ரிங்கிட், ஆண்டுக்கு 6,205 ரிங்கிட். மலிவான கடத்தல் சிகரெட்டுக்கு மாறியவருக்குப் பணத்தில் மிச்சம் தெரியலாம், நுரையீரலுக்கு அதனால் எந்த மிச்சமும் இல்லை. சிலர் அந்தப் பணத்தை அன்றன்றைக்கு ஓர் உண்டியலில் போட்டு வருகிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு வரும்போது அதைத் திறந்தால், யாருக்காக விட்டோம் என்பது தானாகப் புரியும்.

“இத்தனை வருடம் பிடித்தாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன்?” என்பது தோட்டத்துப் பெரியவர்களிடம் அதிகம் கேட்கும் பேச்சு. பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் கவனித்து ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்டோர் 2004இல் வெளியிட்ட ஆய்வில் இதற்குப் பதில் இருக்கிறது. தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால், 30 வயதில் விட்டவருக்கு ஏறக்குறைய 10 ஆண்டு ஆயுள் மிச்சம். 40 வயதில் விட்டால் 9, 50 வயதில் விட்டால் 6, 60 வயதில் விட்டாலும் 3 ஆண்டுகள். அறுபது வயதுத் தாத்தாவுக்கு மூன்று ஆண்டு என்றால், முதலாம் ஆண்டில் சேர்ந்த பேரப்பிள்ளை நான்காம் ஆண்டுக்குப் போவதைப் பார்க்கும் அளவு காலம்.

விட நினைப்பவர் இந்த வாரமே செய்யக்கூடியவை நான்கு. அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதியைக் குறிப்பது. அதை வீட்டில் ஒருவரிடமும் வேலையிடத்தில் ஒருவரிடமும் சொல்வது. கிளினிக்குக்குப் போய்ப் பெயரைப் பதிவது. முந்தின இரவே லைட்டர், சாம்பல் கிண்ணம், மோட்டார் பெட்டியில் மறைத்து வைத்த பாக்கெட் வரை எல்லாவற்றையும் எறிவது. வீட்டார் செய்ய வேண்டியது ஒன்றே. அந்தத் தேதிக்குப் பிறகு ஆறு மாதம் வரை, மாலை போட்டவரைக் கவனிப்பதுபோல் அவரைக் கவனிப்பது.